சராசரிக்குக் கொடுத்த காது

என் வீட்டுக்காரருக்கு இருந்தது ஒரே ஒரு காது. பார்க்க ரெண்டு இருக்கும். இடது பக்கம் இருக்கிறது சும்மா கண்ணாடி மாட்டிக்க. பழைய கட்டடங்களை இடிக்கிற வேலை அவருக்கு. கான்கிரீட் உடைக்கிற மெஷினைத் தோளோட அணைச்சுப் பிடிச்சுப் பிடிச்சு அந்தக் காது எப்பவோ செத்துப் போச்சு. வலது காதை வெச்சுத்தான் எங்க குடும்பம் ஓடிச்சு. சுவர் சாயறதுக்கு முன்னாடி மேஸ்திரி விசில் ஊதுவாரு. கேட்டா ஓடணும். கேட்கலன்னா மறுநாள் அந்த வேலைக்கு வேற ஆள் வருவான். அந்தக் காது எங்களுக்கு எவ்வளவு முக்கியம்னு இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல.

ஆள் மலை மாதிரி இருப்பாரு. பகல் முழுக்க சுவரைப் போட்டு நொறுக்கறவரு, வீட்டுக்குள்ள வர்ற கரப்பான்பூச்சியைக் காகிதத்துல ஏந்தி வெளிய விட்டுட்டு வருவாரு. கூட வேலை செய்யறவங்க அவருக்கு வெச்ச பேரு பூனை. அதட்டிப் பேசற வேலையெல்லாம் எங்க வீட்டுல என்னோடது. அதை இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லாம செஞ்சிட்டு வர்றேன்.

ஒரு நாள் காலையில பார்த்தா, மனுஷன் தலையணையை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. உறை முழுக்க மஞ்சளா சீழ். வலது காது.

"லேசா வலிக்குது" என்றாரு.

கால்ல கம்பி ஏறி அந்தப் பக்கம் வந்தப்பவும் இவர் லேசான்னுதான் சொன்னாரு. முகம்கூடக் கழுவ விடாம இழுத்துக்கிட்டு ஓடினேன், பெரிய ஆஸ்பத்திரிக்கு.

காது மூக்கு தொண்டைப் பிரிவு வாசல்ல துணியில எழுதிக் கட்டியிருந்தாங்க. "அறிவோடு மருந்து எழுதுவோம். மருந்துச் சீட்டு ஆய்வு நடைபெறுகிறது. அனைவரும் ஒத்துழைக்கவும். ஒத்துழைக்காதவர்கள் ஒத்துழைக்க வைக்கப்படுவார்கள்." அதுக்குக் கீழ காவலாளிங்க தடியோட நின்னாங்க. அவங்களுக்குத் தலைவன் ஒருத்தன், முகத்துல மீசையைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுல படாது. எனக்கு முன்னாடி நின்னவர் ஒரு தடவை இருமினாரு. மீசை வந்து அவர் முதுகுல ஒண்ணு வெச்சான். "தொண்டைக்காரன் எதுக்குய்யா காது வரிசையில நிக்கற?"

உள்ள ஒரு சின்ன டாக்டரம்மா. முகம் பார்க்கவே இதமா இருந்துச்சு. லைட்டை வெச்சுக் காதைப் பார்த்ததும் புருவம் சுருங்கிப் போச்சு.

"நல்லா சீழ் கட்டியிருக்கு. இன்னிக்கே ஆன்டிபயாடிக் மாத்திரை ஆரம்பிக்கணும். சொட்டு மருந்தும் போடணும். அலட்சியமா விட்டா எலும்புக்குள்ள போயிடும். அப்புறம் கேட்கிறது திரும்ப வராதுங்க."

சொல்லிக்கிட்டே பேனாவை எடுத்தாங்க. பக்கத்துலருந்து ஒரு கை நீண்டு வந்து பேனாவோட சேர்த்து அவங்க விரலை மேஜையில அழுத்திப் பிடிச்சுது. கால்குலேட்டரோட உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவோட கை அது. ஆய்வுக்காக வந்தவங்களாம். அவங்களை நான் கணக்கம்மான்னுதான் சொல்லுவேன், அதுவே மரியாதை.

"டாக்டர், காலையிலருந்து ஓடற சராசரி என்ன தெரியுமா? ஒரு சீட்டுக்கு நாலு மருந்து. ரெண்டைத் தாண்டக் கூடாதுங்கறதுதான் உலகத் தரம்னு மேலருந்து உத்தரவு. இனிமே இந்த மேஜைக்கு வர்றவங்க எல்லாருக்கும் பூஜ்யம்."

"இவருக்குக் காது போயிடும் மேடம்."

"ஒரு காதுக்காக உலகத் தரத்தை விட முடியுமா?"

விஷயம் என்னன்னா, உள்ள தனி ரூம்ல பெரிய டாக்டர் இருக்காரு. அவர் கைப்பழக்கம், யார் வந்தாலும் அஞ்சு மருந்து. மூக்கு ஒழுகினா அஞ்சு. தும்மினா அஞ்சு. கழிப்பறை எந்தப் பக்கம்னு கேட்க உள்ள தலையை நீட்டினவருக்கும் அஞ்சு எழுதி, ராத்திரி ரெண்டு வேளை போடச் சொல்லி அனுப்பியிருக்காரு. அந்தப் பிரிவுக்கும் அவர்தான் தலைவர், ஆய்வுக்கும் அவர்தான் தலைவர். அவர்கிட்ட போய்க் குறைச்சு எழுதுங்கன்னு சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? அதனால அவர் எழுதறதை வெளிய உட்கார்ந்து எழுதாம சரிக்கட்டறாங்க.

"உள்ள ஒருத்தருக்கு அஞ்சு. வெளிய ரெண்டு பேருக்கு ஒண்ணுமில்ல. கூட்டி வகுத்தா ரெண்டுக்குள்ள அடங்கிடுது" என்றாங்க கணக்கம்மா, ஏதோ எனக்கு வரம் குடுக்கற மாதிரி.

"எனக்கு வகுத்தல் வேணாங்க. மருந்து வேணும்."

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. சராசரியாப் பார்த்தா உங்க வீட்டுக்காரர் ஏற்கனவே ஒன்றரை மருந்து சாப்பிட்டாச்சு."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் சாப்பிட்டோமோன்னு ஒரு நிமிஷம் யோசிக்கிறாரு! எனக்கு வந்த கோபத்துல கால்குலேட்டரைத் தூக்கிச் சுவர்ல அடிச்சேன். அடுத்த நிமிஷம் மீசையும் இன்னும் நாலு பேரும் எங்க ரெண்டு பேரையும் குண்டுக்கட்டாத் தூக்கினாங்க. கணக்கம்மா ஒரு வெள்ளைச் சீட்டுல முத்திரை குத்தி, அந்த அவசரத்துலயும் ஒழுங்கா மடிச்சு என் கையில திணிச்சாங்க. படிக்கட்டுல உருட்டி விட்டானுங்க. கீழ வந்து விழுந்தப்புறம் என் முழங்கால் ரத்தத்தை அவர் துடைச்சு விட்டாரு.

"விடு, பாவம். அவங்களுக்கும் மேலருந்து என்ன நெருக்கடியோ."

இந்த மனுஷனை என்னதான் செய்யறது, சொல்லுங்க.

மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாரு. "இதுல ஒண்ணும் இல்லையேம்மா." எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லி, டாக்டரம்மா சொன்ன மாத்திரையைக் கேட்டேன். அவர் கல்லாவுக்குப் பின்னாலருந்து கட்டுப் போட்ட கையை எடுத்துக் காட்டினாரு. சீட்டு இல்லாம ஒருத்தருக்குக் குடுத்தாராம். காவலாளிங்க வந்து, ஆய்வுக்குப் புறம்பான விற்பனைன்னு அலமாரியை எல்லாம் அவர் மேலயே சாய்ச்சுட்டுப் போயிருக்காங்க. வேற டாக்டர்கிட்ட போலாம்னா, காதுக்குப் பலகை மாட்டின அத்தனை பேரும் அந்த ஆய்வுல கையெழுத்துப் போட்டவங்க. போற இடமெல்லாம் பூஜ்யம். ஒரு டாக்டர் மட்டும் இரக்கப்பட்டு அரை மருந்து எழுதட்டுமான்னு கேட்டாரு.

சரி, பெரிய டாக்டர் வரிசையிலயே போய் நிப்போம்னு மறுபடி போனோம். அது வரிசையா? கதவு திறந்ததும் ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி மிதிச்சுக்கிட்டு ஓடறாங்க. நானும் ஓடினேன், முழங்கையைப் போட்டு இடிச்சேன், ஒருத்தி தலைமுடியைப் பிடிச்சு இழுத்தேன். அவ என் தோள்பட்டையைக் கடிச்சா. தொண்டை வீங்கி எச்சில் முழுங்க முடியாதவளாம், பல்லுக்கு மட்டும் அவ்வளவு பலம் எங்கருந்து வந்துச்சோ. அவ மேல எனக்குக் கோபம் இல்ல. என் வீட்டுக்காரர் பின்னால வந்துக்கிட்டே, நான் தள்ளி விட்டவங்களை எல்லாம் கை குடுத்துத் தூக்கி விட்டாரு.

நாங்க உள்ள நுழையும்போதே பெரிய டாக்டர் எழுதி முடிச்சுட்டாரு.

"ஐயா, காதை நீங்க பார்க்கவே இல்லையே."

"பார்த்தா எண்ணிக்கை மாறுமா?" என்றாரு. கோபமா இல்ல, உண்மையாவே தெரிஞ்சுக்கக் கேட்ட மாதிரி.

சீட்டுல அஞ்சு இருந்துச்சு. ஒரு சத்து மாத்திரை, ஒரு சத்து டானிக், ஒரு வாயு மாத்திரை, ஒரு இருமல் மருந்து, அப்புறம் அந்தச் சத்து மாத்திரையே வேற கம்பெனியில. சின்ன டாக்டரம்மா சொன்ன மாத்திரையைக் காணோம். கேட்டேன். பெரிய டாக்டர் நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டாரு.

"நூறு பேர்ல முப்பது பேருக்குத்தான் ஆன்டிபயாடிக் எழுதணும்னு ஆய்வு சொல்லுது. காலையில கதவு திறந்ததும் முதல்ல வந்த முப்பது பேருக்கு எழுதிட்டேன். முதல்ல வந்தவங்களுக்கு முதல்ல குடுக்கறதுதான் நீதி. நோயைப் பார்த்துக் குடுக்க ஆரம்பிச்சா நாளைக்கு என் மேல பாரபட்சம் காட்டறேன்னு பழி வரும்."

வெளிய பெஞ்சுல ஒருத்தர் மாத்திரை அட்டையைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சிட்டு இருந்தாரு. மின்விசிறி ரிப்பேர் செய்ய வந்தவராம். ஏணியைத் தூக்கிட்டு முதல் ஆளா உள்ள போயிருக்காரு. நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அண்ணா, அந்த மாத்திரையை எங்களுக்குக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அட, எடுத்துக்கம்மா. இதை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்" என்று நீட்டிட்டாரு, நல்ல மனுஷன்.

எங்கருந்துதான் மீசை வந்தானோ. தடியைச் சுழட்டி அவர் கையில ஒரு போடு. விரல் முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டுச்சு. "அவங்கவங்க மருந்தை அவங்கவங்கதான் சாப்பிடணும். இல்லன்னா ஆய்வு கெட்டுப் போயிடும்" என்றான். ரெண்டு பேர் அவரைத் தரையில அமுக்கினாங்க. ஒருத்தன் மூக்கைப் பிடிச்சான், ஒருத்தன் வாயைப் பிளந்தான், மீசை அட்டையிலருந்து மாத்திரையை ஒவ்வொண்ணாப் பிதுக்கி, முழு அட்டையையும் உள்ள போட்டுத் தண்ணியை ஊத்தினான். பாவம், மின்விசிறிக்காரர் கண்ணு பிதுங்கக் காலை உதைச்சாரு. உதை பட்டு ஏணி சரிஞ்சு இன்னொருத்தர் தலையில விழுந்துச்சு. கணக்கம்மா எட்டிப் பார்த்துட்டு, நோயாளி மருந்தை முழுமையா உட்கொண்டார்னு சந்தோஷமாச் சொல்லிட்டுப் போனாங்க.

இப்படியெல்லாம் நடந்தா கூட்டம் வருமா? நின்னு போச்சு. ஆனா பாருங்க, பெரிய டாக்டர்கிட்ட வர்ற பெரிய இடத்து ஆளுங்க மட்டும் வந்துக்கிட்டே இருந்தாங்க. அவங்களுக்கு அஞ்சஞ்சா எழுதினாரு. வெளி மேஜையில பூஜ்யம் வாங்க ஆள் இல்ல. சராசரி ஏறிடுச்சு. கணக்கம்மாவுக்குத் தூக்கம் போச்சு. கடைசியில ஆம்புலன்ஸை எடுத்துக்கிட்டு ஆள் பிடிக்கக் கிளம்பிட்டாங்க.

எங்க தெருவுக்கே வந்துச்சு. தபால்காரரைச் சைக்கிளோட தூக்கினாங்க. முடி வெட்டிக்கிட்டு இருந்த ஒருத்தரைப் பாதித் தலையோட தூக்கினாங்க. பூட்டின கதவை உடைச்சு, குளிச்சிட்டு இருந்த எதிர் வீட்டு வாத்தியாரைத் துண்டோட தூக்கினாங்க. கொண்டு போய் வரிசையா உட்கார வெச்சு, நாக்கை இடுக்கியால இழுத்து, தொண்டையில லைட் அடிச்சு, நோய் இல்லன்னு வெள்ளைச் சீட்டு குடுத்துப் பின்வாசல் வழியாத் தள்ளி விட்டாங்க. ஒவ்வொருத்தரும் ஒரு பூஜ்யம்.

நல்லா இருக்கிறவன் சும்மா வருவானா? திமிறினாங்க. திமிறினவங்களைக் காவலாளிங்க மூஞ்சியிலயே குத்தினாங்க. மூக்கு உடைஞ்சுது. மூக்கு உடைஞ்சா அவன் நிஜமாவே நோயாளி ஆயிட்டான், பெரிய டாக்டர்கிட்ட போனா அவனுக்கு அஞ்சு மருந்து. அதுக்கு ஈடு கட்ட இன்னும் ரெண்டு மூணு நல்ல ஆளைப் பிடிச்சாகணும். பிடிக்கப் போனா அதுல ஒருத்தன் மூக்கு உடையும். ஆம்புலன்ஸ் ஓய்வே இல்லாம ஓடிச்சு. ஊர்ல பாதி மூக்கு பஞ்சோட திரிஞ்சுது.

அப்பத்தான் பெரிய டாக்டர் காவலாளிங்களை எல்லாம் முற்றத்துல கூட்டி வெச்சுப் பேசினாரு. நாங்க அன்னிக்கும் போய்க் கதவோரமா நின்னுக்கிட்டு இருந்தோம், அதனால என் காதால கேட்டேன்.

"நண்பர்களே, உங்கள் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் அடிக்கிற இடம் தவறு. காது, மூக்கு, தொண்டை என்பவை இந்தப் பிரிவின் சொத்து. அங்கே விழும் ஒவ்வொரு அடியும் நம் சராசரியின் மேல் விழும் அடி. கழுத்துக்குக் கீழே எவ்வளவோ இடம் இருக்கிறது. விலா இருக்கிறது, முட்டி இருக்கிறது, இடுப்பு இருக்கிறது. அவை நம் துறை அல்ல. ஆகவே மனிதாபிமானத்தோடு அங்கே அடியுங்கள்."

கை தட்டினாங்க. மீசைக்குக் கண்ணு கலங்கிடுச்சு. இவ்வளவு நாள் யாரும் தனக்கு இதைச் சொல்லிக் குடுக்கலையேன்னு பக்கத்துல இருந்தவன்கிட்ட சொன்னான்.

அன்னிக்கே மூக்கு உடையறது நின்னு போச்சு, முட்டி உடைய ஆரம்பிச்சுது. அதெல்லாம் கீழ்த்தளத்துல எலும்புப் பிரிவுக்குப் போச்சு. அங்கயும் ஒரு ஆய்வு நடக்குதாம். அவங்களுக்கும் ஒரு சராசரியாம்.

இதுக்கு நடுவுல என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் கண்டுருச்சு. காதுக்குப் பின்னால வீங்கி, காது மடல் முன்னால துருத்திக்கிட்டு வந்துருச்சு. வலியில சுவரோட தலையை வெச்சு வெச்சு அழுத்துவாரு. ஆனா கேட்டுச்சு. மங்கலா, கிணத்துக்குள்ள பேசற மாதிரி இருக்குன்னு சொல்லுவாரு, ஆனா நான் பேசினது கேட்டுச்சு. "திட்டு, திட்டு, அது மட்டும் நல்லாக் கேட்குது" என்று சிரிப்பாரு. எனக்குத் திட்டவும் மனசு வரல.

சின்ன டாக்டரம்மா எப்படியோ ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினாங்க. மாடிப்படி பக்கம் வாங்க, என் கைப்பையில மாத்திரை வெச்சிருக்கேன், இன்னிக்குப் போடலன்னா கஷ்டம்னு. அவரைத் தோள்ல சாய்ச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்தம்மா படிக்கட்டு மேல நிக்கறாங்க. கையில மாத்திரை அட்டை. எங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல நாலு எட்டு நடை.

அந்த நேரம் பார்த்து எலும்புப் பிரிவு படை எடுத்து வந்துருச்சு.

முன்னால எலும்பு டாக்டர், பின்னால அவர் ஆளுங்க. கையெல்லாம் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டைப் போட்டுக் காய வெச்சுக்கிட்டு வந்திருக்காங்க, ஒவ்வொரு கையும் உலக்கை மாதிரி. "உங்க பூஜ்யத்துக்கு எங்க கணக்கை ஏத்துவீங்களா? ஒரு முட்டியைக்கூட விடாம எங்க தலையில தள்ளுவீங்களா?" என்று எலும்பு டாக்டர் கத்தினாரு. அப்புறம் தன் ஆளுங்க பக்கம் திரும்பி, "ஞாபகம் இருக்கட்டும். கழுத்துக்குக் கீழ ஒரு அடி விழக் கூடாது. காது, மூக்கு, தொண்டை மட்டும்!"

அதுக்கப்புறம் நான் பார்த்தது கண்ணுலயே நிக்குது. இவங்க கீழ அடிக்கிறாங்க, அவங்க மேல அடிக்கிறாங்க. நடுவுல மாட்டினவங்களுக்கு மேலயும் விழுது கீழயும் விழுது. காது கிழிஞ்சு ஒருத்தர் ஓடறாரு. முட்டி பெயர்ந்து ஒருத்தர் உட்கார்ந்தே நகர்றாரு. கருவிகள் வெச்ச தட்டு பறந்து வந்து கண்ணாடி ஜன்னலை உடைச்சுது. தரையெல்லாம் ரத்தமும் மாவுத்தூளும் சேர்ந்து சேறாக் கிடக்கு. கணக்கம்மா ஒரு மேஜை மேல ஏறி நின்னு, "ஒவ்வொருத்தரா விழுங்க, எண்ண முடியல!" என்று கத்தறாங்க.

மீசை ஓடி வந்து என் வீட்டுக்காரர் விலாவுல தடியை இறக்கினான். அவர் குனிஞ்சாரு, ஆனா விழல. கை ஓங்கல. அந்த உடம்புக்கு ஒரு தள்ளு தள்ளியிருந்தா மீசை சுவரோட ஒட்டியிருப்பான். என்னைச் சுவரோரமா நிறுத்தி, என் மேல அடி படாம ரெண்டு கையையும் ஊன்றி என்னைச் சுத்திக் கூரை மாதிரி நின்னுக்கிட்டாரு. அப்ப எலும்புப் பிரிவுக்காரன் ஒருத்தன், அவர் யாரு என்னன்னுகூடப் பார்க்காம, மாவுக்கட்டுக் கையைப் பின்னால இழுத்து, வீங்கியிருந்த அந்த வலது காது மேலயே விட்டான்.

ரத்தமும் சீழும் என் முகத்துல தெறிச்சுது. அவர் மெதுவா மண்டி போட்டாரு. சுத்திலும் அலறல், கண்ணாடி நொறுங்கற சத்தம். அவர் தலையை நிமிர்த்தி ஒவ்வொருத்தர் முகமாப் பார்த்தாரு.

"ஏன் எல்லாரும் சத்தம் இல்லாம சண்டை போடறாங்க?" என்று என்கிட்ட கேட்டாரு.

எனக்கு அதுக்கப்புறம் கண்ணு மண்ணு தெரியல. உள்ள போனேன். பெரிய டாக்டர் மேஜைக்கு அடியில இருந்தாரு. காலைப் பிடிச்சு வெளிய இழுத்து, அவர் மார் மேல ஏறி உட்கார்ந்து, அவர் கழுத்துல தொங்கின குழாயாலயே தொண்டையை முறுக்கிப் பிடிச்சேன். "எழுதுய்யா! அந்த மாத்திரையை எழுது!" முகம் நீலமா மாறுது, ஆனா எழுதினாரு. வாங்கிப் பார்க்கிறேன். சத்து மாத்திரை, சத்து டானிக், வாயு மாத்திரை, இருமல் மருந்து, மறுபடி சத்து மாத்திரை. உயிர் போற நேரத்துலயும் அஞ்சுதான். இன்னும் இறுக்கினேன். "அம்மா, சதவீதம் முடிஞ்சுருச்சு அம்மா" என்று முனகினாரு. காவலாளிங்க வந்து என்னைப் பிய்ச்சு எடுத்து, விதிமுறைப்படி இடுப்புல மிதிச்சாங்க.

மாத்திரையை அந்த டாக்டரம்மாவே கொண்டு வந்து குடுத்தாங்க. மூக்குல பஞ்சோட வந்தாங்க, எங்க வீட்டுல உட்கார்ந்து அழுதாங்க. புண்ணு ஆறிடுச்சு. காய்ச்சலும் விட்டுது. காது மட்டும் திரும்பி வரல. மேஸ்திரி வீட்டுக்கு வந்து, என்கிட்ட சொல்லிட்டு அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாரு. "விசில் கேட்காதவரை வேலைக்குக் கூட்டிட்டுப் போனா, அது கொலைங்க அக்கா." அவர் சொன்னதும் நியாயம்தானே.

ஆய்வு முடிஞ்சு வெற்றி விழா நடந்துச்சு. எங்களையும் வண்டி அனுப்பிக் கூப்பிட்டாங்க. அதுக்குள்ள நான் நடந்ததை ஊரெல்லாம் சொல்லிக் கத்திக்கிட்டுத் திரிஞ்சிருந்தேன், அந்த வாயை அடைக்கணுமே. மேடையில பெரிய டாக்டர், கழுத்துல பட்டி போட்டுக்கிட்டு, மாலையை அது மேல மாட்டிக்கிட்டு நின்னாரு.

"ஒரு சீட்டுக்கு ஒன்று புள்ளி ஒன்பது மருந்து! இந்தச் சாதனைக்காக நம்மில் பலர் ரத்தம் சிந்தினோம். மற்றவர்களின் ரத்தத்தையும் சிந்த வைத்தோம். இதோ, இந்த எளிய மனிதரைப் பாருங்கள். ஆய்வின்போது இவருடைய கேட்கும் திறன் குறைந்துவிட்டதாகச் சிலர் சொல்கிறார்கள். நான் அதை இழப்பாகப் பார்க்கவில்லை, தகுதியாகப் பார்க்கிறேன். நம் வாசலில் நிற்கும் காவலாளிகளுக்கு ஒரே குறைதான். நோயாளிகள் அலறுவது அவர்கள் காதில் விழுந்துவிடுகிறது. சிலருக்கு மனம் இளகி, கை தளர்ந்துவிடுகிறது. இவருக்கு அந்தக் குறை கிடையாது. நம் பிரிவில் இவருக்கு வேலை தருகிறேன்!"

எல்லாரும் எழுந்து நின்னு தட்டினாங்க. அவர் என்னைப் பார்த்தாரு, என்ன சொல்றாங்கன்னு. வேலைன்னு கையைக் காட்டிச் சொன்னேன். மனுஷன் முகம் மலர்ந்து மேடையைப் பார்த்துக் கும்பிட்டாரு. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். அடுப்பு எரியணுமே, நான் சொல்லல.

மீசை அவருக்குத் தொழில் சொல்லிக் குடுத்தான். எல்லாம் சைகைதான். விரலை நீட்டினா இவனைத்தான்னு அர்த்தம், கையை இறக்கினா அடின்னு அர்த்தம். முதல்ல தடியைத் தூக்கவே மாட்டேன்னுட்டாராம். அப்புறம் லேசாத் தட்டினாராம். அடி வாங்கினவங்க வாயைத் திறக்கிறதுதான் அவருக்குத் தெரியும், சத்தம் தெரியாது. சத்தம் இல்லாத வலி எவ்வளவுன்னு யாருக்குப் புரியும்? "நான் யாரையும் நோக அடிக்கறதில்ல. சும்மா தட்டி ஒழுங்குபடுத்தறேன்" என்று வீட்டுக்கு வந்து என்கிட்ட சொல்லுவாரு. சட்டை மேல இருக்கிற ரத்தத்தை நான் ஊற வெச்சுத் துவைப்பேன்.

ஒரு நாள் மதிய சாப்பாட்டை வீட்டுலயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. எடுத்துக்கிட்டுப் போனேன். ஆய்வு முடிஞ்சதால மறுபடி கூட்டம் அலைமோதுது. அவர் எனக்கு முதுகு காட்டி நிக்கிறாரு. "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுக்கிட்டே தள்ளி முன்னால போனேன். எவ்வளவு முட்டாள் பாருங்க, கூப்பிட்டா திரும்புவார்னு அந்த நிமிஷம் நான் நிஜமாவே நினைச்சேன். மீசை விரலை எங்க பக்கம் நீட்டிக் கையை இறக்கினான். அவர் திரும்பும்போதே தடி வந்துச்சு. கூட்டத்தோட கூட்டமா எனக்கும் ஒண்ணு விழுந்துச்சு, மூக்கு மேல.

கல்லை உடைச்ச கை அது. சாப்பாட்டுப் பாத்திரம் எங்கயோ போய் விழுந்துச்சு. மூக்குலருந்து வாய் வழியா ரத்தம் கொட்டுது. அவர் என் முகத்தைப் பார்த்தாரு. தடியைப் போட்டுட்டு அப்படியே உட்கார்ந்து, ரெண்டு கையாலயும் என் முகத்தை ஏந்திக்கிட்டாரு.

"வலிக்குதா?" என்று கேட்டாரு. தான் எவ்வளவு சத்தமாப் பேசறோம்னு அவருக்குத் தெரியாது இல்லையா, அந்தக் கூடமே அதிர்ந்துச்சு.

"வலிக்குதுங்க" என்றேன்.

அவர் என் உதட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. புரியல. இன்னும் சத்தமா சொன்னேன். அப்பவும் புரியல. தொண்டை கிழியக் கத்தினேன், வலிக்குது, வலிக்குதுன்னு. ஆஸ்பத்திரியில சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லி மீசை என்னைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டான்.